இப்பொழுது எரிகிறதே!

எரியாத விளக்கு எவரையும் ஏமாற்றுவதில்லை. அதனை ஒதுக்கி வைத்துவிட்டு வேறொன்றைத் தேடிக்கொள்கிறோம். ஒழுங்காக எரியும் விளக்கைப் பற்றியும் கவலை இல்லை. மூன்றாவது வகை ஒன்று உண்டு. வேண்டிய நேரத்தில் அணைந்துவிடும். வெளிச்சத்தில் வைத்துச் சோதிக்கும்பொழுது ஒன்றும் அறியாததுபோல் எரியும். மனிதனை ஏமாற்றுவது இந்த விளக்குத்தான். வீட்டுத் திண்ணையில் அது அணைந்தால் கால் இடறும், அவ்வளவே. கடலின் அடியில் அணைந்தாலோ உயிருக்கே கேடு வரலாம்.

என் தங்கையின் மகன் முக்குளிக்கும் தொழில் செய்பவன். வளைகுடா நாட்டுத் துறைமுகம் ஒன்றில் கப்பல்களின் அடிப்பகுதியையும், பாலங்களைத் தாங்கும் தூண்களையும் நீருக்குள் இறங்கிப் பார்வையிடுவது அவனுடைய வேலை. சென்ற விடுமுறைக்குக் கீழக்கரை வந்தபொழுது, அத்தகைய விளக்கு ஒன்றைப் பெட்டியின் அடியில் துணி சுற்றிக் கொண்டுவந்திருந்தான். அந்த விளக்கின் நோயை நாங்கள் இருவரும் நான்கு நாள் தேடிக் கண்டறிந்த வரலாற்றையே இங்கு எழுதுகிறேன். கடலோடு உறவுள்ள குடும்பங்கள் நம்மில் பல. அவற்றில் ஒன்றிரண்டுக்கேனும் இது பயன்படலாம்.

நம் கரைக்கு முக்குளித்தல் புதியதன்று. மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் எடுத்தவர்கள் நம் முன்னோர். இங்கு எடுத்த சங்கு வங்காளம் வரை சென்று வளையலாயிற்று. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி இறங்கிய அவர்களிடம் விளக்கு இல்லை. சூரியனே அவர்களுடைய விளக்கு. பகலில் இறங்கினர், மேலே கயிறு பிடித்திருந்தவரின் கையை நம்பி இறங்கினர். தூத்துக்குடிக் கடலில் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961-ல் நடந்து முடிந்தது. சங்கு குளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் சிலர், முதுகில் காற்று உருளையும் கையில் மின்விளக்குமாக, அயல்நாட்டுத் துறைமுகங்களின் கலங்கிய நீரில் இறங்குகிறார்கள். அங்கே நண்பகலிலும் கையை நீட்டினால் விரல் தெரியாது.

தெளிந்த நீரிலுங்கூட விளக்கு வேண்டியதாகிறது. நீர் நிறங்களை ஒன்றன்பின் ஒன்றாக விழுங்குகிறது. முதலில் மறைவது சிவப்பு. பத்து மீட்டர் ஆழத்தில் செந்நிறப் பொருள் சாம்பல் பூத்ததுபோல் தோன்றும். விளக்கை அருகில் கொண்டு சென்றால்தான் அதன் உண்மை நிறம் மீளும். கப்பலின் அடியில் துரு எங்கே, வண்ணம் எங்கே என்று பிரித்தறிய இதுவே வழி.

இப்பொழுது மருமகனுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். படகுத்துறை ஒன்றின் அடியில், 12 மீட்டர் ஆழத்தில், தூண் ஒன்றைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். இறங்கிப் பத்து நிமிடம் கழித்து விளக்கு இருமுறை துடித்து அணைந்தது. துணைக்கு வந்தவர் ஒரு கை தொலைவில் இருந்தும் அவர் விளக்கின் ஒளி கலங்கலில் தெரியவில்லை. அன்று இரண்டாம் விளக்கை அவன் எடுத்துச் செல்லவில்லை. கயிற்றைக் கையால் தேடிப் பிடித்து, பதறாமல், முறைப்படி மெதுவாக மேலே வந்தான். படகில் ஏறி விளக்கின் விசையைத் தள்ளினான். எரிந்தது!

மேற்பார்வையாளர் அதனை வாங்கி மூன்று முறை எரித்து அணைத்துப் பார்த்தாராம். "இப்பொழுது எரிகிறதே!" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாராம். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆயினும் அந்தச் சொல்லின் பொருள் படகில் இருந்த எல்லோருக்கும் விளங்கியது. விளக்கில் குறையில்லை, ஆகவே குறை மனிதனிடத்தில். இளைஞன் இருட்டில் அஞ்சிவிட்டான்; விளக்கின்மேல் பழி போடுகிறான்.

ஆகவே அவன் ஊருக்குக் கொண்டுவந்தது பழுதான விளக்கை மட்டுமன்று, பழுதுபட்ட தன் சொல்லையும். "தூக்கி எறிந்துவிட்டு வேறு வாங்கலாம் மாமா. ஆனால் எறிந்துவிட்டால் நான் சொன்னது பொய்யாகவே நின்றுவிடும்" என்றான். என் தங்கையின் கவலை வேறு. "காக்கா, விளக்கு எப்படியோ போகட்டும். இவன் இனிக் கடலில் இறங்க வேண்டாம் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றாள். இருவர் மனமும் அமைதி அடைய ஒரே வழிதான் இருந்தது. அந்த விளக்கு ஏன் அணைந்தது என்பது ஐயமறத் தெரிய வேண்டும்.

நான் மின்சாரம் படித்தவன் அல்லன். மதரஸாவில் அரபும், பிறகு தமிழும் கற்று, முப்பது ஆண்டுகளாகக் கற்பித்து வருபவன். தொழில் அவனுக்குத் தெரியும். தேடும் முறை ஒன்று எனக்குத் தெரியும். உஸூலுல் ஃபிக்ஹ் பாடத்தில், ஒரு சட்டத்திற்குரிய காரணத்தைக் கண்டறியும் வழிகளுள் ஒன்றாக 'ஸப்ர், தக்ஸீம்' என்பதை ஓதியிருக்கிறோம். காரணமாக இருக்கக்கூடியவற்றை எல்லாம் முதலில் பிரித்து வரிசைப்படுத்துவது தக்ஸீம். பிறகு ஒவ்வொன்றையும் சோதித்துத் தகாதவற்றைக் கழிப்பது ஸப்ர். மது விலக்கப்பட்டதன் காரணம் அது திரவமாய் இருப்பதா, திராட்சையிலிருந்து வருவதா, செந்நிறமா, போதையா என்று கேட்டு, முதல் மூன்றையும் கழித்து நான்காவதை நிறுத்துவது இதற்குப் பாடநூல்களில் வழங்கும் எடுத்துக்காட்டு.

இந்த 'ஸப்ர்' என்ற சொல்லுக்கு மூலப்பொருள் ஆழம் பார்த்தல். புண்ணின் ஆழத்தை மருத்துவன் கோலிட்டு அளப்பதையும் அது குறிக்கும். தமிழில் எழுதும்பொழுது, பொறுமை என்று பொருள்படும் ஸப்ரும் இதுவும் ஒன்றுபோலவே தோன்றும். அரபியில் முன்னது 'ஸாத்' எழுத்திலும் பின்னது 'ஸீன்' எழுத்திலும் தொடங்கும் வெவ்வேறு சொற்கள். பழுது தேடுபவனுக்கு இரண்டு ஸப்ரும் வேண்டும். காரணத்தைக் குறிக்கும் 'இல்லத்' என்ற சொல்லே அரபியில் நோயையும் குறிக்கும் என்பதும் இங்கு நினைக்கத் தக்கது. நோயைத் தேடுவது காரணத்தைத் தேடுவதேயாம்.

முதலில் அவ்விளக்கின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சாண் நீளமுள்ள அலுமினியக் குழாய். முன்புறம் தடித்த கண்ணாடி. அதன் உள்ளே எல்.ஈ.டி. என்னும் ஒளிரும் சில்லு. இதன் வரலாறு சுவையானது. கண்ணுக்குப் புலப்படும் ஒளி தந்த முதல் எல்.ஈ.டி.யை 1962-ல் நிக் ஹோலோனியாக் என்ற அமெரிக்கர் செய்தார். அது சிவப்பு. வெள்ளை ஒளி வேண்டுமானால் நீலம் வேண்டும். பிரகாசமான நீலத்திற்கு உலகம் முப்பதாண்டு காத்திருந்தது. 1993-ல் ஜப்பானின் ஷுஜி நாகமுரா அதனைச் செய்து காட்டினார். நீல ஒளிக்கு வழிகோலிய இஸாமு அகஸாகி, ஹிரோஷி அமானோ ஆகியோருடன் அவருக்கு 2014-ல் பௌதிகத்திற்கான நோபல் பரிசு கிடைத்தது. நீலச் சில்லின்மேல் மஞ்சளாய் ஒளிரும் பொருளைப் பூசினால், இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெண்மையாகத் தெரிகிறது. பழைய பல்பில் உள்ளதுபோல் அறுந்துபோகும் இழை இதில் இல்லை.

சில்லுக்குப் பின்னால், மின்னோட்டத்தை அளந்து விடும் சிறு மின்சுற்று. அதற்குப் பின்னால் 18650 என்னும் லித்தியம் மின்கலம். 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடையது என்பதையே அந்த எண் சொல்கிறது. கடைசியில் திருகு மூடி, மூடிக்குள் ஸ்பிரிங். மூடியும் குழாயும் சேரும் இடத்தில் ஓ-ரிங் எனப்படும் இரண்டு ரப்பர் வளையங்கள். விசையோ வெளியில் நகரும் ஒரு காந்தம். சுவரில் துளையே இல்லாமல், உள்ளே இருக்கும் விசையைக் காந்தம் வெளியிலிருந்தே இயக்குகிறது. துளை இல்லாததால் அவ்வழியே நீர் புகாது.

திறப்பதற்கு முன் மருமகன் ஓர் எச்சரிக்கை சொன்னான். இதனை வாசகர்கள் மறத்தல் ஆகாது. கடல்நீர் புகுந்த விளக்கினுள், மின்கலம் நீரைப் பிரித்து வாயுவை உண்டாக்கியிருக்கலாம். மின்கலமே கெட்டு வாயுவை வெளியிட்டிருக்கவும் கூடும். மூடிய குழாய்க்குள் அது அழுந்தி நிற்கும். திருகியதும் மூடி துப்பாக்கிக் குண்டுபோல் தெறிக்கும். எனவே எந்த முகத்திற்கும் நேராகப் பிடிக்காமல், மெல்ல மெல்லத் திறக்க வேண்டும். நனைந்த, வீங்கிய, விந்தையான வாடை வீசும் லித்தியம் மின்கலத்தை மீண்டும் மின்னேற்றவே கூடாது. அவன் விளக்கை வேலிப்பக்கம் திருப்பிப் பிடித்துத் திறந்தான். ஓசை ஏதுமில்லை. உள்ளே ஈரம் இல்லை.

பிறகு ஒரு தாளை எடுத்து ஐயத்திற்குரியவற்றை எழுதினோம். நீர்க்கசிவு, மின்கலம், காந்த விசை, மின்சுற்று, ஒளிச்சில்லு, தொடுமுனைகள். ஆறு பெயர். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது என்று உறுதி செய்துகொண்டோம். பலர் தவறுவது இங்கேதான். மின்கலத்தை மாற்றி, ஸ்பிரிங்கைத் துடைத்து, வளையத்திற்கு கிரீஸ் பூசி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்துவிடுகிறார்கள். விளக்கு எரிந்துவிட்டால், எது நோயாய் இருந்தது என்பது என்றைக்குமே தெரியாமல் போகிறது.

நீர்க்கசிவை முதலில் எடுத்தோம். மின்கலத்தை அகற்றிவிட்டு, குழாய்க்குள் மெல்லிய காகிதத்தைச் சுருட்டி வைத்து மூடி, கல்லோடு கட்டி ஓர் இரவு முழுவதும் நீர்த்தொட்டியில் அமிழ்த்தினோம். காலையில் காகிதம் காய்ந்தே இருந்தது. "தொட்டி நீர் இரண்டு அடி, அங்கே 12 மீட்டர் அல்லவா?" என்று கேட்டேன். பத்து மீட்டருக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ வீதம் அழுத்தம் கூடுகிறது. ஆனால் ஓ-ரிங்கின் இயல்பு வியப்பானது. ஆழத்தில் நீரின் அழுத்தமே வளையத்தை இடுக்குக்குள் தள்ளி இறுக்கிவிடுகிறது. வளையத்தின்மேல் ஒரு தலைமுடியோ மணல் துகளோ கிடந்தால், ஆழத்தைவிட ஆழமில்லாத நீரிலேயே கசிவு தொடங்குவதுண்டு. எனவே தொட்டிச் சோதனை அற்பமானதன்று. அதனோடு, கடலிலிருந்து வந்த அன்றும் கண்ணாடியின் உட்புறத்தில் ஆவி படியவில்லை என்று அவன் உறுதியாகச் சொன்னான். இரண்டு சாட்சியும் ஒத்தன. நீரின் பெயரை அடித்தோம்.

அடுத்தது காந்த விசை. உப்போ மணலோ அடைத்து, நகரும் பகுதி முழுவதும் செல்லாமல் நிற்பதுண்டு. காந்தம் துருப்பிடித்து வலிமை இழப்பதும் உண்டு. ஒரு குண்டூசியை அருகில் கொண்டு சென்றோம், துள்ளி ஒட்டிக்கொண்டது. விளக்கை எரியவிட்டு விசையை அசைத்தோம், தட்டினோம். ஒளி துடிக்கவே இல்லை. அதன்மேல் இருந்த ஐயம் பெரிதும் குறைந்தது.

இப்பொழுதுதான் பெரிய இடர் எதிர்ப்பட்டது. நோய் வெளிப்படவே இல்லை! மேசையின்மேல் முழு ஒளியில் வைத்துக் காத்திருந்தோம். பத்து நிமிடம் ஆயிற்று, இருபது நிமிடம் ஆயிற்று. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. மேற்பார்வையாளர் பார்த்ததும் இதைத்தானே! வெளிப்படாத நோய்க்கு மருந்து செய்வது எங்ஙனம்? மருமகன் தலை குனிந்திருந்தான். தன்மேலேயே அவனுக்கு ஐயம் வந்துவிட்டது என்பதை அவன் முகத்தில் கண்டேன்.

அரபு இலக்கியம் படித்தவர்களுக்கு பஸ்ராவின் அல்ஹரீரியைத் தெரியும். 1122-ல் மறைந்தவர், 'மகாமாத்' எழுதியவர். கற்றவர்களின் பேச்சிலும் எழுத்திலும் நுழைந்த பிழைகளைத் தொகுத்து அவர் ஒரு நூல் செய்தார். அதற்கு 'துர்ரத்துல் கவ்வாஸ்', அதாவது 'முக்குளிப்பவனின் முத்து' என்று பெயரிட்டார். பிழை காணும் நூலுக்கு ஏன் இந்தப் பெயர் என்று மாணவப் பருவத்தில் நான் வியந்ததுண்டு. அன்று மேசைமுன் அமர்ந்திருந்தபொழுது எனக்கென்று ஒரு விடை தோன்றியது. பிழை இருக்கும் இடத்திற்கு நாம் இறங்கிச் செல்ல வேண்டும். அது நம்மைத் தேடி மேலே வராது.

"தம்பி, கடலில் இருந்ததும் இந்த மேசையில் இல்லாததும் என்ன?" என்று கேட்டேன். "ஆழம், அழுத்தம், உப்பு" என்று அடுக்கினான். சற்று நிறுத்தி, "குளிர்ச்சி" என்றான். அந்தச் சொல் வாயிலிருந்து வந்ததும் விளக்கைத் தொட்டுப் பார்த்தான். கை வைக்க முடியாத சூடு. ஒளியும், எங்கள் கண் அறியாமல் மெல்ல மெல்லக் குறைந்திருந்தது.

இங்கு ஒரு விளக்கம் தேவை. இத்தகைய விளக்குகள் நீரில் எரிவதற்கென்றே செய்யப்பட்டவை. சில்லின் வெப்பத்தைச் சுற்றியுள்ள நீர் வாங்கிக்கொள்கிறது. காற்றில் எரித்தால் அந்த உதவி இல்லை. தன்னைக் காத்துக்கொள்ள உள்ளே உள்ள மின்சுற்று தானே மின்னோட்டத்தைக் குறைத்துவிடுகிறது. இதுவும் ஒரு கோளாறு என்று கருதிச் சிலர் விளக்கைக் கடைக்குத் திருப்பி அனுப்புவார்களாம், கோளாறன்று, தற்காப்பு. ஆனால் எங்கள் சோதனையை இந்தத் தற்காப்புக் கெடுத்துவிட்டது. மேசையில் விளக்கு அரைகுறைப் பளுவைச் சுமந்தது. நீரிலோ முழுப்பளுவையும் சுமந்தது. முழுப்பளுவில் மட்டும் தோன்றும் நோய், அரைப்பளுவில் எப்படித் தோன்றும்?

உடனே வாளியில் கிணற்று நீரை நிரப்பி, விளக்கை முழுக அமிழ்த்தினோம். அஸர் தொழுகை முடிந்து வந்து கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு அமர்ந்தோம். மருமகன் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். வாளி நீர் நிலவொளி நிரம்பியதுபோல் இருந்தது. பதினோராவது நிமிடம் ஒளி ஒருமுறை துடித்தது. மறுமுறை துடித்தது. அணைந்தது.

ஒரு விளக்கு அணைந்ததற்காக மகிழ்ந்தவர்களை அன்றுதான் பார்த்தேன். "உம்மா, வந்து பாருங்கள், அணைந்துவிட்டது!" என்று அவன் கூவினான். அடுப்படியிலிருந்து ஓடி வந்த என் தங்கைக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகன் ஏன் சிரிக்கிறான் என்றும் தெரியவில்லை, ஏன் கண் கலங்கியிருக்கிறான் என்றும் தெரியவில்லை. ஒரு நிமிடம் கழித்து விளக்கை வெளியே எடுத்து விசையைத் தள்ளினான். பழையபடி எரிந்தது. படகில் நடந்ததும் இதுவேதான்.

நோய் தோன்றும் இடத்தை அறிந்தபின் மற்றவை விரைந்து நடந்தன. மின்கலத்தை மல்டிமீட்டரால் அளந்தோம். முழுதும் நிரம்பிய லித்தியம் மின்கலம் 4.2 வோல்ட் காட்டும். 3 வோல்ட்டை நெருங்கினால் ஏறத்தாழ வெறுமையாகிவிட்டது என்று பொருள். இதுவோ அணைந்த பின்னும் 4 வோல்ட் காட்டியது. ஆயினும் ஓய்வில் காட்டும் அளவை நம்பிவிடலாகாது. கிழமாகிவிட்ட மின்கலம் பளு இல்லாதபோது நிமிர்ந்து நிற்கும். பளு ஏற்றியதும் துவண்டுவிடும். எனவே இடம் மாற்றிச் சோதித்தோம். அவனுடைய இரண்டாம் விளக்கின் மின்கலத்தை இதில் இட்டோம். வாளியில் அதே நேரத்தில் அணைந்தது. இதன் மின்கலத்தை இரண்டாம் விளக்கில் இட்டோம். ஒரு மணி நேரம் குறையின்றி எரிந்தது. மின்கலம் குற்றமற்றது.

எஞ்சியவை சில்லு, மின்சுற்று, தொடுமுனைகள். சில்லு பெரும்பாலும் மங்கிச் சாகுமே அன்றி, இப்படி அணைந்து அணைந்து மீளாது. மீதி இரண்டில் எது? மருமகன் ஓர் உபாயம் செய்தான். பின்மூடியைக் கழற்றிவிட்டு, விளக்கின் தலைப்பகுதி மட்டும் நீரில் இருக்குமாறு நேராக நிறுத்திப் பிடித்தான். மூடி செய்துவந்த வேலை, மின்கலத்தின் எதிர்முனையைக் குழாயின் விளிம்போடு இணைப்பதுதான். அந்த வேலையை ஒரு தடித்த செம்புக் கம்பியைக் கொண்டு செய்தான். பழக்கமில்லாதவர்கள் இதற்குத் துணியக் கூடாது; கம்பி இடம் மாறினால் மின்கலம் கொதித்துவிடும். பதினோரு நிமிடம் கடந்தது. இருபது கடந்தது. அரை மணி கடந்தது. நான் கை மாற்றிப் பிடித்தேன். ஒளி அசையவில்லை. மீண்டும் மூடியைப் பூட்டினோம். பதினோராவது நிமிடத்தை ஒட்டி அணைந்தது. மூடியைக் கழற்றிக் கம்பியை வைத்தோம், அணையவில்லை.

காரணம் இருக்கும்பொழுது விளைவும் இருத்தல், காரணம் நீங்கும்பொழுது விளைவும் நீங்குதல். இதனை உஸூல் நூல்கள் 'தவரான்' என்று சொல்லும். நூலில் படித்ததை வாளியில் கண்டேன்.

பழைய அரபுத்தமிழ்ச் சுவடிகளின் ஓரக் குறிப்புகளைப் படிக்க நான் வைத்திருக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி அன்று மூடிக்குள் பார்க்கப் பயன்பட்டது. குழாயின் விளிம்பில், வண்ணப்பூச்சு இல்லாத வெறும் உலோகம் ஒரு நூலிழை அகலத்திற்குத் தெரியும். மின்சாரம் கடக்கும் பாதை அதுவே. அந்த விளிம்பிலும், அது பொருந்தும் மூடியின் உட்பகுதியிலும், சுண்ணாம்பு தடவியதுபோல் வெண்பொடி படிந்திருந்தது. வளையங்கள் கடலை வெளியே நிறுத்தின, உண்மைதான். ஆனால் அலையாடும் படகில், ஈரக் கையோடு மின்கலத்தை மாற்றும்பொழுது சொட்டிய துளி உப்புநீர், வளையத்திற்கு உட்புறமாகவே தங்கிவிட்டது. அலுமினியமும் வேறோர் உலோகமும் உப்புநீரில் சேர்ந்திருந்தால் அலுமினியம் அரிக்கப்படும். அந்த அரிப்பின் பொடி மின்சாரத்தைத் தடுக்கும்.

தடுத்தது எவ்வளவு? ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். முழு ஒளியில் 3 ஆம்பியர் மின்னோட்டம் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழியில் 0.3 ஓம் தடை இருந்தால் 0.9 வோல்ட் அங்கேயே வீணாகும். மின்கலம் 4 வோல்ட் தந்தாலும் மின்சுற்றுக்குக் கிட்டுவது 3.1 தான். மின்கலத்தின் உள்ளே உள்ள தடையும் கொஞ்சம் விழுங்கும். 'மின்கலம் தீர்ந்துவிட்டது' என்று தவறாக எண்ணி மின்சுற்று விளக்கை அணைத்துவிடும். அணைத்ததும் பளு நீங்குகிறது, மின்னழுத்தம் மீள்கிறது, விளக்கு மறுபடி எரிகிறது. குறைந்த ஒளியில் மின்னோட்டம் ஓர் ஆம்பியரே என்றால் இழப்பும் 0.3 வோல்ட்டே; அப்பொழுது ஒன்றும் தெரியாது. முதல் பத்து நிமிடம் அணையாததற்கும் இதுவே காரணம். மின்கலம் முழுதும் நிரம்பியிருந்த வரையில் அந்த இழப்பைத் தாங்கிக்கொண்டது.

மருந்து மிகச் சிறியது. மரப் பல்குச்சியால் பொடியைச் சுரண்டி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்து, பென்சில் அழிக்கும் ரப்பரால் விளிம்பை மெல்லத் தேய்த்தோம். உப்புத்தாள் கூடாது, மேற்பூச்சை அது தின்றுவிடும். வளையங்களை விரலால் தடவி, கீறல் இல்லை என்று கண்டு, செய்தவர்கள் கொடுத்த கிரீஸை மெல்லிய படலமாகப் பூசினோம். கண்ட எண்ணெயையும் பூசினால் சிலவகை ரப்பர் உப்பிவிடும். மூடியைப் பூட்டி வாளியில் இட்டோம். மின்கலம் தீரும்வரை எரிந்தது. அடுத்த இரண்டு நாளும் எரிந்தது. அதன் பிறகே தாளில் எஞ்சியிருந்த பெயரைச் சுற்றிக் கோடிட்டோம்.

இனி அவன் கைக்கொண்ட ஒழுங்குகளையும் சொல்லிவிடுகிறேன். கடலிலிருந்து ஏறியதும் மூடிய நிலையிலேயே விளக்கை நன்னீரில் ஊறவைப்பது. உலர்ந்த துணியால் துடைத்து, உலர்ந்த இடத்தில், உலர்ந்த கையால் மட்டுமே திறப்பது. திறக்கும்தோறும் விளிம்பையும் வளையத்தையும் பார்ப்பது. நெடுநாள் எடுத்து வைப்பதானால் மின்கலத்தை வெளியே எடுத்து வைப்பது. இறங்குமுன் வாளி நீரில் கால் மணி நேரமேனும் முழு ஒளியில் எரித்துப் பார்ப்பது. எல்லாவற்றிற்கும் மேலாக, இரண்டாம் விளக்கு இல்லாமல் இறங்குவதில்லை. முதலாவது எவ்வளவு நம்பத் தக்கதானாலும் சரி.

விடுமுறை முடிந்து திரும்பியவன், கைப்பேசியில் பிடித்த படத்தை மேற்பார்வையாளரிடம் காட்டியிருக்கிறான். அவர் முழுவதும் பார்த்தாராம். அணையும் இடத்தைத் திருப்பிப் போட்டு மீண்டும் பார்த்தாராம். அவர் வருத்தம் தெரிவிக்கவில்லை. அவனும் அதனை எதிர்பார்க்கவில்லை. மறுவாரத்திலிருந்து அப்படகில் ஒரு வாளி இருக்கிறது. இறங்குகின்ற எல்லோருடைய விளக்கும் முதலில் அதில் இறங்குகிறது.

புறப்படுவதற்கு முதல்நாள் என் தங்கை என்னிடம் தனியே கேட்டாள்: "காக்கா, இனி அது அணையாது அல்லவா?"

அணையாது என்று சொல்லியிருந்தால் அன்றிரவு அவள் நிம்மதியாக உறங்கியிருப்பாள். மனிதன் செய்த எந்தப் பொருளைக் குறித்தும் அப்படிச் சொல்ல எனக்கு நாவில்லை. "ஏன் அணைந்தது என்று இப்பொழுது அவனுக்குத் தெரியும். அணைந்தால் எடுப்பதற்கு இன்னொன்று அவன் இடுப்பில் இருக்கும்" என்றேன்.

சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு அந்த இரண்டு விளக்குகளையும் தன் கையாலேயே துணியில் சுற்றி அவன் பெட்டியில் வைத்தாள்.